ஒரே குரல்... பல தட்டுகள்! எதில் இருக்கிறது அசல்?

'காதுதான் நீதிபதி' என்று காலம் காலமாகச் சொல்லிவந்த இசைத்தட்டு ரசிகர்களை, 2022 ஜூலையில் வெளியான ஒரு வீடியோ தூக்கிவாரிப்போட்டது.

அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் இசைத்தட்டுக் கடை நடத்தும் ஒருவர் பேசிய வீடியோ அது. 'மொபைல் ஃபிடெலிட்டி' என்ற நிறுவனம், பழைய புகழ்பெற்ற ஆல்பங்களை உயர்தர வினைல் தட்டுகளாக மறுவெளியீடு செய்வதில் பெயர் பெற்றது. 1977-ல் தொடங்கப்பட்டது. அந்த நிறுவனத்தின் தட்டுகள் எல்லாம் பழைய டேப்பிலிருந்து நேரடியாக வெட்டப்பட்டவை என்றுதான் ரசிகர்கள் நம்பிக்கொண்டிருந்தார்கள். 'அப்படி இல்லை; டேப்புக்கும் தட்டுக்கும் நடுவில் ஒரு டிஜிட்டல் பிரதி இருக்கிறது' என்பதுதான் வீடியோ போட்டு உடைத்த செய்தி.

வெளியில் இருப்பவர்களுக்கு இது 'இதெல்லாம் ஒரு பிரச்னையா?' என்று தோன்றலாம். ஆனால், கம்ப்யூட்டர் தொடாத ஒலி வேண்டும் என்பதற்காகவே ஒரு தட்டுக்கு 125 டாலர் வரை, அதாவது பத்தாயிரம் ரூபாய்க்கு மேல், கொடுத்தவர்களுக்கு அது இடி. சில நாள்களில் நிறுவனமும் உண்மையை ஒப்புக்கொண்டது. டிஜிட்டல் வழியாக வந்த அதன் முதல் தட்டு எது தெரியுமா? 2011-ல் வந்த டோனி பென்னட்டின் 'ஐ லெஃப்ட் மை ஹார்ட் இன் சான் ஃபிரான்சிஸ்கோ'. ஆக, 11 ஆண்டுகளாக அந்த நிறுவனத்தின் டிஜிட்டல் கலந்த தட்டுகளைக் கேட்டு, 'ஆஹா, இதுதான் அசல் டேப்பின் ஒலி' என்று பாராட்டியவர்கள் ஏராளம்.

அப்படியென்றால் தட்டுக்குத் தட்டு ஒலி மாறுகிறது என்பதெல்லாம் வெறும் பிரமையா?

இல்லை. ஒரே பாடகர், ஒரே நாள், ஒரே மைக்கில் பாடிய ஒரே பாட்டு... இரண்டு மறுவெளியீடுகளில் இரண்டு விதமாகக் கேட்பது உண்மைதான். ஆனால் அந்த வித்தியாசம், பெரும்பாலான ரசிகர்கள் தேடும் இடத்தில் இல்லை. அது எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க 1950-களின் ஜாஸ் பாடகர்களைவிட நல்ல வழிகாட்டிகள் கிடையாது.

ஏன் குரல்?

டிரம்ஸ் கொஞ்சம் தடித்துக் கேட்டாலோ, பியானோ சற்று மங்கினாலோ பலருக்குத் தெரியாது. அந்த டிரம்ஸ் நேரில் எப்படி ஒலித்தது என்று யாருக்குத் தெரியும்? மனிதக் குரல் அப்படியல்ல. பிறந்த நாள் முதல் கேட்டுவரும் ஒலி அது. போனில் 'ஹலோ' என்ற ஒரு சொல்லைக் கேட்டதும், 'என்ன, சளி பிடிச்சிருக்கா?' என்று அம்மா கேட்டுவிடுகிறார் அல்லவா? குரலில் ஒரு சின்ன மாற்றம் வந்தாலும் காது உடனே பிடித்துவிடும்.

அதிலும் அன்றைய ஜாஸ் பாடகர்கள் மைக்கை ஒரு வாத்தியம்போலவே கையாண்டவர்கள். பெரிய அரங்கின் கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டுமே என்று கத்திப் பாட வேண்டிய காலம் முடிந்திருந்தது. நியூமன் யு-47 போன்ற மைக்குகள் பாடகரின் மூச்சையும், உதடு பிரியும் ஓசையையும்கூடப் பிடித்தன. ஃபிராங்க் சினாட்ரா காதோரம் ரகசியம் பேசுவதுபோலப் பாட முடிந்தது அதனால்தான். அந்த மூச்சும் ரகசியமும் எந்தத் தட்டில் மிஞ்சியிருக்கின்றன, எதில் தொலைந்துபோயின என்பதுதான் ஒப்பீட்டின் சாரம்.

டேப்பிலிருந்து தட்டு வரை

ஸ்டூடியோவில் பாடியது முதலில் காந்த டேப்பில் பதிவாகும். அதைத் தொகுத்து எடுப்பதுதான் மாஸ்டர் டேப். அதிலிருந்து பாதுகாப்புக்கு ஒரு நகல், வெளிநாட்டு நிறுவனங்களுக்கு அனுப்ப ஒரு நகல் என்று பிரதிகள் பிறக்கும். ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்தால் எழுத்து மங்குவதுபோல, ஒவ்வொரு நகலிலும் இரைச்சல் கொஞ்சம் கூடும். கூர்மை கொஞ்சம் குறையும்.

அடுத்தது மாஸ்டரிங். எந்த ஒலியைத் தூக்குவது, எதை அடக்குவது என்று முடிவு செய்பவர் மாஸ்டரிங் பொறியாளர். அவர் தயார் செய்த ஒலியை, அலுமினியத் தகட்டின் மேல் மெழுகுபோல மென்மையான அரக்குப் பூச்சு கொண்ட ஒரு தட்டில் எந்திர ஊசி பள்ளமாக வெட்டும். அந்தத் தட்டின் மேல் நிக்கல் முலாம் பூசி, உரித்தெடுத்து, அதிலிருந்து அச்சு தயாரிப்பார்கள். அந்த அச்சில் சூடான வினைல் கட்டியை வைத்து அழுத்தினால், நம் கைக்கு வரும் தட்டு தயார். வடை தட்டுவதுபோல நொடிகளில் முடிகிற வேலை என்றாலும், சூடு ஆறும் முன் எடுத்தால் தட்டு வளையும்; பள்ளத்துக்குள் வினைல் சரியாக நிரம்பாவிட்டால் 'சர்...' என்று சத்தம் வரும். நடு ஓட்டை ஒரு மில்லிமீட்டர் விலகினாலே நீண்டு ஒலிக்கும் ஸ்வரம் ஊஞ்சலாடும்.

ஆக, எந்த டேப், யார் மாஸ்டரிங், எங்கே அச்சு... இந்த மூன்று கேள்விகளில்தான் ஒரு மறுவெளியீட்டின் ஜாதகமே அடங்கியிருக்கிறது. அட்டையில் பெரிதாகப் போடும் '180 கிராம்' என்ற எடை இந்த மூன்றிலும் சேராது. கனமான தட்டு கையில் கம்பீரமாக இருக்கும். சற்றுத் தட்டையாகவும் நிற்கலாம். ஆனால் அதிலுள்ள பள்ளம் 120 கிராம் தட்டில் உள்ள அதே பள்ளம்தான்.

எலாவும் லூயியும்: பட்டும் சரளைக்கல்லும்

1956 ஆகஸ்ட் 16. ஹாலிவுட்டின் கேபிடல் ஸ்டூடியோ. எலா ஃபிட்ஸ்ஜெரால்டும் லூயி ஆம்ஸ்ட்ராங்கும் முந்தைய நாள் இரவுதான் ஹாலிவுட் பௌல் திறந்தவெளி அரங்கில் ஒரே நிகழ்ச்சியில் பாடியிருந்தார்கள். அடுத்த நாளே ஸ்டூடியோ. பியானோவில் ஆஸ்கர் பீட்டர்சன், கிட்டாரில் ஹெர்ப் எல்லிஸ், பாஸில் ரே பிரவுன், டிரம்ஸில் படி ரிச். ஒரே நாளில் முழு ஆல்பமும் முடிந்தது. 'வெர்வ்' நிறுவனர் நார்மன் கிரான்ஸ் தயாரித்த 'எலா அண்ட் லூயி' ஆல்பத்தின் பிறப்பு அப்படித்தான் நடந்தது.

தட்டுகளை ஒப்பிட இதைவிடப் பொருத்தமான ஆல்பம் கிடைப்பது கடினம். ஒரு பக்கம் பட்டுபோல வழுக்கும் எலாவின் குரல். மறுபக்கம் சரளைக்கல்லில் மாட்டு வண்டி போவதுபோலக் கரகரக்கும் ஆம்ஸ்ட்ராங்கின் குரல். மாஸ்டரிங் செய்பவர் மேல் ஸ்தாயி ஒலியைக் கொஞ்சம் அதிகம் தூக்கிவிட்டால் எலாவின் 'ஸ்' ஒலிகள் ஊசியாகக் குத்தும். அதற்குப் பயந்து அடக்கிவிட்டால் ஆம்ஸ்ட்ராங்கின் கரகரப்பு, கம்பளிக்குள் வாயை வைத்துப் பாடுவதுபோல அமுங்கிவிடும். இரண்டும் ஒரே தட்டில் இயல்பாக நின்றால் அது நல்ல வேலை.

இந்த ஆல்பத்தின் மறுவெளியீடுகள் பல. காரணம் சட்டத்தில் இருக்கிறது. ஐரோப்பாவில் ஒலிப்பதிவுகளுக்கான உரிமை 50 ஆண்டுகளாக இருந்தது. பிறகு அதை 70 ஆண்டுகளாக நீட்டித்தார்கள். ஆனால் 2013-ல் அது நடைமுறைக்கு வருவதற்குள் 1962 வரை வெளியான பதிவுகள் பொதுச்சொத்தாகிவிட்டன. ஜாஸின் பொற்காலம் மொத்தமும் அதற்குள் அடக்கம்! அதனால் அங்கே யார் வேண்டுமானாலும் அந்தப் பழைய பதிவுகளை அச்சடிக்கலாம். ஆனால், மாஸ்டர் டேப் அவர்கள் கைக்கு வராதே. அது மூல நிறுவனத்தின் பெட்டகத்தில் அல்லவா இருக்கிறது? எனவே இப்படிப்பட்ட மலிவுப் பதிப்புகள் பெரும்பாலும் டிஜிட்டல் பிரதியிலிருந்தே உருவாகின்றன. சில நேரம் அந்தப் பிரதி சாதாரண சி.டி.யாகவே இருக்கலாம். சி.டி.யைக் கேட்பதற்குப் பதில், சி.டி.யைத் தட்டில் வெட்டி, முள்ளின் உரசல் சத்தத்தோடு கேட்பது!

மறுமுனையில், அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் சலைனா என்ற சிற்றூர். அங்கே சேட் காசெம் என்பவர் 1986-ல் தொடங்கிய 'அக்கூஸ்டிக் சவுண்ட்ஸ்' நிறுவனம், 'அனலாக் புரொடக்‌ஷன்ஸ்' என்ற பெயரில் மறுவெளியீடுகளைக் கொண்டுவருகிறது. 2011-ல் அவர் சொந்த அச்சகத்தையும் அங்கேயே அமைத்தார். இதே 'எலா அண்ட் லூயி'யை அந்த நிறுவனம் நிமிடத்துக்கு 45 சுற்று வேகத்தில் சுழலும் இரண்டு தட்டுகளாக வெளியிட்டது. வழக்கமாக 33 சொச்சம் சுற்றில் ஒரே தட்டில் அடங்குகிற ஆல்பத்தை ஏன் இரண்டு தட்டாக்க வேண்டும்?

கடைசிப் பாட்டின் சோகம்

காரணம் எளிய கணக்கு. தட்டின் வெளி விளிம்பில் ஒரு சுற்று பெரியது. உள்ளே போகப் போகச் சுற்று சிறுத்துவிடும். ஆனால், தட்டு ஒரே வேகத்தில்தான் சுழல்கிறது. 12 அங்குலத் தட்டில், முதல் பாட்டின்போது முள்ளுக்கு அடியில் ஒரு நொடிக்குச் சுமார் 50 சென்டிமீட்டர் நீளப் பள்ளம் ஓடுகிறது. கடைசிப் பாட்டுக்கு வரும்போது அது சுமார் 21 சென்டிமீட்டராகக் குறைந்துவிடும். அதே அளவு இசையை, பாதிக்கும் குறைவான இடத்தில் நெருக்கி எழுத வேண்டும். அப்போது முதலில் அடிபடுவது 'ஸ்', 'ஷ்', 'ச்' ஒலிகள்தான். முதல் பாட்டில் தெளிவாக இருந்த பாடகிக்குக் கடைசிப் பாட்டில் திடீரென்று பல் விழுந்ததுபோல 'ஷ்ஷ்' என்று கேட்பது இதனால்தான்.

45 வேகத்தில் சுழற்றினால் எங்கும் 35 சதவிகிதம் கூடுதல் நீளம் கிடைக்கிறது. பாட்டுகளை இரண்டு தட்டுகளில் பரப்புவதால் உள்வட்டத்தின் நெருக்கடிக்குப் போக வேண்டிய அவசியமும் இல்லை. ஸ்டீவ் ஹாஃப்மன், கெவின் கிரே ஆகிய மாஸ்டரிங் பொறியாளர்கள் 2010-ல் இதே நிறுவனத்துக்காக நாட் கிங் கோலின் கேபிடல் ஆல்பங்களை 45 வேகத்தில் தயாரித்தபோதும் இந்தச் சௌகரியம்தான் பலம். 1957-ல் வந்த 'லவ் இஸ் த திங்' ஆல்பத்தில், கார்டன் ஜென்கின்ஸின் வயலின் கூட்டத்துக்கு முன்னால் கோலின் வெல்வெட் குரல் நிற்கிறது. அந்தக் குரலின் இழைகள் வயலின்களோடு கரையாமல் தனியே கேட்கிறதா என்பதே அதற்கான பரீட்சை.

ஒரு சிரமமும் உண்டு. பத்துப் பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து தட்டைத் திருப்ப வேண்டும். இரவு விளக்கை அணைத்துவிட்டு ஜாஸ் கேட்க உட்காருபவருக்கு இது உடற்பயிற்சி!

போலி ஸ்டீரியோ

மறுவெளியீடு என்றாலே மேம்பாடு என்று நினைத்தால், 1960-களின் கதையைக் கேட்க வேண்டும்.

1958-ல் ஸ்டீரியோ தட்டுகள் கடைகளுக்கு வந்தன. இரண்டு ஸ்பீக்கர் வாங்கியவர்கள் எல்லாவற்றையும் இரண்டு ஸ்பீக்கரில் கேட்க விரும்பினார்கள். ஆனால், சினாட்ராவின் 'இன் த வீ ஸ்மால் அவர்ஸ்' போன்ற 1955-ம் ஆண்டு ஆல்பம் மோனோவில், அதாவது ஒரே தடத்தில் பதிவானது. நெல்சன் ரிடில் இசை அமைத்த, நள்ளிரவுத் தனிமையைப் பாடும் ஆல்பம் அது. அதை எப்படி இரண்டாகப் பிரிப்பது?

கேபிடல் நிறுவனம் 1961-ல் ஒரு குறுக்குவழி கண்டது. 'டியோஃபோனிக்' என்று பெயர். ஒரே ஒலியை இரண்டாக எடுத்து, ஒரு பக்கத்தை இம்மியளவு தாமதப்படுத்து. ஒரு பக்கம் அடி ஒலியைக் குறை, மறுபக்கம் உச்ச ஒலியைக் குறை. அவ்வளவுதான், ஸ்டீரியோ! அப்படிக் கேட்டால் நடுவில் நின்று மனம்விட்டுப் பேச வேண்டிய பாடகர், கிணற்றுக்குள்ளிருந்து இரண்டு பக்கமும் பரவிக் கத்துவதுபோல இருக்கும். பழைய தட்டுக் கடைகளில் இப்படிப்பட்ட பதிப்புகள் இன்றும் கிடைக்கின்றன. 'ஸ்டீரியோ' என்று அட்டையில் பார்த்ததும் ஆசைப்பட்டு எடுப்பவர்கள், பதிவான ஆண்டையும் பார்ப்பது நல்லது. 1950-களின் நடுப்பகுதி என்றால் பெரும்பாலும் மோனோதான் அசல்.

மோனோ என்றால் தரம் குறைவு என்ற எண்ணமும் சரியல்ல. ஜூலி லண்டனின் 1955-ம் ஆண்டு ஆல்பமான 'ஜூலி இஸ் ஹர் நேம்', ஒரு குரல், பார்னி கெசலின் கிட்டார், ரே லெதர்வுட்டின் பாஸ் ஆகிய மூன்றை மட்டுமே வைத்துச் செய்தது. மோனோதான். ஆனால் நல்ல பதிப்பில் கேட்டால் அந்தப் பெண் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து பாடுவதுபோல இருக்கும். இடதா வலதா என்பதைவிட, அருகிலா தொலைவிலா என்பதுதான் குரலுக்கு முக்கியம்.

பில்லி ஹாலிடே: கீறலைத் துடைக்கலாமா?

ஒப்பீட்டில் மிகவும் சங்கடமான கேள்வியை எழுப்புவது பில்லி ஹாலிடேயின் 'லேடி இன் சாட்டின்'.

1958 பிப்ரவரி. நியூயார்க்கின் 30-வது தெருவில், ஒரு பழைய தேவாலயத்தை ஸ்டூடியோவாக மாற்றியிருந்தது கொலம்பியா நிறுவனம். உயரமான கூரை, இயற்கையான எதிரொலி. அங்கே ரே எல்லிஸின் பெரிய வயலின் குழுவோடு பாட வந்தபோது ஹாலிடேவுக்கு 42 வயதுதான். ஆனால் போதையும் குடியும் வாழ்க்கையின் அடிகளும் சேர்ந்து, குரலை எழுபது வயதாக்கியிருந்தன. இளமையில் துள்ளிய அந்தக் குரல் விரிசல் விட்டிருந்தது. அடுத்த ஆண்டு ஜூலையில் அவர் இறந்துபோனார்.

பதிவின்போது அவர் பாடிய விதத்தில் ரே எல்லிஸுக்கே திருப்தி இல்லை. இசை இலக்கணத்தை மட்டும் பார்த்ததுதான் காரணம் என்று பிற்பாடு அவரே சொல்லியிருக்கிறார். இறுதிக் கலவையைக் கேட்ட பிறகே அந்தப் பாட்டில் எவ்வளவு இருக்கிறது என்று அவருக்குப் புரிந்தது.

இப்போது ஒரு மாஸ்டரிங் பொறியாளர் முன்னால் அந்த டேப் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். டேப்பில் 'ஸ்ஸ்' என்ற மெல்லிய இரைச்சல். அதை நீக்க நவீன மென்பொருள்கள் உண்டு. ஆனால் இரைச்சலும் மூச்சும் ஏறக்குறைய ஒரே இடத்தில் வசிப்பவை. இரைச்சலை முழுதாகத் துடைத்தால், சொல்லின் முடிவில் ஹாலிடே விடும் மூச்சும், தொண்டை கீறும் அந்த உரசலும் சேர்ந்தே போய்விடும். தேவாலயக் கூரையின் எதிரொலியும் வாலறுந்துவிடும். கேட்பதற்குச் சுத்தமாக இருக்கும். ஆனால் பாடுவது யார்? வாழ்க்கையில் அடிபட்டு நிற்கும் பில்லி ஹாலிடே அல்ல; அவரைப்போலப் பாடும் வேறு யாரோ.

பழைய கறுப்பு வெள்ளைப் புகைப்படத்தில் பாட்டியின் முகச்சுருக்கத்தை அழித்து 'பளிச்' என்று ஆக்கித்தரும் ஸ்டூடியோக்காரரின் வேலை மாதிரிதான். படம் அழகாக இருக்கும். பாட்டிதான் இருக்க மாட்டார்.

இந்த ஆல்பத்தில் இன்னொரு விசேஷமும் உண்டு. 1958-ல் மோனோ, ஸ்டீரியோ இரண்டிலும் வந்தது. ஆனால் 'த எண்ட் ஆஃப் எ லவ் அஃபேர்' என்ற கடைசிப் பாட்டு மோனோ தட்டில் மட்டுமே இருந்தது. ஸ்டீரியோ தட்டில் இல்லை. பின்னாளில் வந்த மறுவெளியீட்டில்தான் அதன் ஸ்டீரியோ வடிவத்தை ஒட்டுச் சேர்த்து உருவாக்கினார்கள். 'அசல்' என்ற சொல்லே இங்கே ஒன்றல்ல, இரண்டு!

முதல் பதிப்புதான் சிறந்ததா?

'புதிது எதுவும் வேண்டாம், 1950-களில் அச்சான முதல் பதிப்பே போதும்' என்பவர்கள் ஒரு கட்சி. அதில் நியாயம் உண்டு. அப்போது டேப் புத்தம் புதிது. அதைப் பதிவு செய்தவர்களே பக்கத்தில் இருந்தார்கள்.

ஆனால் அன்றைய வீடுகளில் இருந்தது கனத்த முள் வைத்த, சின்ன ஸ்பீக்கர் கொண்ட கருவிகள். அடி ஒலி அதிகம் இருந்தால் முள் பள்ளத்திலிருந்து எகிறிவிடும் என்பதால் பல நிறுவனங்கள் அதைக் குறைத்தே தட்டில் வெட்டின. டேப்பில் இருந்த ரே பிரவுனின் பாஸ் முழுதாகத் தட்டுக்கு வந்து சேரவில்லை. இன்றைய நல்ல மறுவெளியீடு, அன்றைய ரசிகர் கேட்காத ஒலியையும் டேப்பிலிருந்து கொண்டுவர முடியும்.

முதல் பதிப்பிலேயே பிழை இருப்பதும் உண்டு. அதே 30-வது தெரு ஸ்டூடியோவில் 1959-ல் பதிவான மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் புளூ' குரல் ஆல்பம் அல்ல என்றாலும், பாடம் பொருந்தும். பதிவு செய்த டேப் கருவி சற்று மெதுவாக ஓடியதால், தட்டின் முதல் பக்கம் முழுதும் கொஞ்சம் வேகமாக, சுருதி ஏறி ஒலித்தது. 1992-ல் வந்த மறுவெளியீட்டில்தான் அது சரியானது. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக உலகம் தவறான சுருதியில் அந்த ஆல்பத்தைக் கொண்டாடியிருக்கிறது!

எரிந்துபோன டேப்புகள்

இவ்வளவு நுணுக்கம் பார்ப்பது பணக்கார ரசிகர்களின் பொழுதுபோக்கு மட்டுமா? இதற்குப் பின்னால் ஓர் அவசரமும் இருக்கிறது. டேப் நிரந்தரமானதல்ல. ஆண்டுகள் போகப் போக உலரும், உதிரும், சில நேரம் தீக்கிரையாகும்.

2008 ஜூன் 1-ம் தேதி ஹாலிவுட்டின் யுனிவர்சல் ஸ்டூடியோ வளாகத்தில் நடந்த தீ விபத்தில் ஓர் இசைப் பெட்டகமும் எரிந்தது. அதன் முழுப் பரிமாணத்தை 2019-ல்தான் நியூயார்க் டைம்ஸ் இதழ் வெளிக்கொண்டுவந்தது. லூயி ஆம்ஸ்ட்ராங், எலா ஃபிட்ஸ்ஜெரால்ட், பில்லி ஹாலிடே ஆகியோர் டெக்கா நிறுவனத்துக்குப் பாடிய மாஸ்டர்களும் எரிந்தவற்றில் அடக்கம் என்றது அந்தக் கட்டுரை. இழப்பு அவ்வளவு பெரியதல்ல என்று நிறுவனம் மறுத்தது. எது எப்படியோ, மாஸ்டர் எரிந்துவிட்டால் மிஞ்சுவது நகல்களும் தட்டுகளும்தான். அப்போது ஒரு காலத்தில் கவனமாக எடுத்த டிஜிட்டல் பிரதி ஒன்று இருந்தால், அது பாவமல்ல, வரம்.

2020 பிப்ரவரியில் கலிஃபோர்னியாவின் பேனிங் நகரில் 'அப்போலோ மாஸ்டர்ஸ்' தொழிற்சாலை எரிந்ததும் இந்தத் துறையை நடுங்கவைத்தது. தட்டு வெட்டுவதற்கான அரக்குத் தகடுகளைத் தயாரித்தவை உலகில் இரண்டே தொழிற்சாலைகள். ஒன்று இது, இன்னொன்று ஜப்பானில். அதேநேரம் கிராக்கியோ ஏறிக்கொண்டே இருந்தது. 2022-ல் அமெரிக்காவில் 4.1 கோடி வினைல் தட்டுகள் விற்றன, சி.டி.க்கள் 3.3 கோடி. எண்ணிக்கையில் வினைல், சி.டி.யை முந்தியது 1987-க்குப் பிறகு அதுவே முதல்முறை.

ஏமாற்றம் எதில்?

இந்த வெளிச்சத்தில் 2022 சர்ச்சையைத் திரும்பப் பார்த்தால் ஒன்று புரியும். மொபைல் ஃபிடெலிட்டியின் தட்டுகள் மோசமாக ஒலித்தன என்று யாரும் வழக்குப் போடவில்லை. டிஜிட்டல் படி இருப்பதைச் சொல்லாமல் விற்றார்கள் என்பதுதான் குற்றச்சாட்டு. மைக்கேல் ஜாக்சனின் 'த்ரில்லர்' ஆல்பத்தை 40,000 பிரதிகள் அச்சடிக்கப்போவதாக அந்த நிறுவனம் அறிவித்தபோதுதான் சந்தேகம் வலுத்தது. அத்தனை பிரதிகளுக்கு மூல டேப்பைத் திரும்பத் திரும்ப ஓட்ட எந்த நிறுவனமும் அனுமதிக்காதே! வழக்கு 2023-ல் சமரசத்தில் முடிந்தது. வாங்கியவர்களுக்குத் தட்டைத் திருப்பிக் கொடுத்துப் பணம் பெறும் வழியும் கிடைத்தது. நிறுவனமும் ஒவ்வொரு தட்டும் எதிலிருந்து வந்தது என்று வெளிப்படையாகச் சொல்லத் தொடங்கியது.

நல்ல டேப்பிலிருந்து, தேர்ந்த பொறியாளர் கையில் உருவான டிஜிட்டல் பிரதி, தேய்ந்த நகல் டேப்பிலிருந்து நேராக வெட்டிய தட்டைவிட ஆயிரம் மடங்கு மேல். 'அனலாக்' என்ற முத்திரை தானாகவே ஒலியை நல்லதாக்கிவிடாது. வாங்குபவருக்கு வேண்டியது உண்மை மட்டுமே.

வீட்டிலேயே ஒப்பிட...

தட்டு சுழற்றும் கருவி இருப்பவர்கள் மட்டுமல்ல, மொபைலில் ஒரே பாட்டின் இரண்டு 'ரீமாஸ்டர்' வடிவங்களைக் கேட்பவர்களும் இதைச் செய்து பார்க்கலாம்.

• முதலில் சத்தத்தைச் சமமாக்குங்கள். கொஞ்சம் சத்தமாக ஒலிப்பது எப்போதும் 'நன்றாக இருப்பதாக'த் தோன்றும். ஒப்பீடுகளில் காது ஏமாறுவது பெரும்பாலும் இங்கேதான்.

• எது எந்தப் பதிப்பு என்று தெரியாமல் கேளுங்கள். வீட்டில் யாரையாவது மாற்றி மாற்றிப் போடச் சொல்லலாம். விலை தெரிந்துவிட்டால் காது அந்தப் பக்கமே சாயும்.

• ஒரே ஒரு வரியைத் தேர்ந்தெடுத்துத் திரும்பத் திரும்பக் கேளுங்கள். 'ஸ்' ஒலி குத்துகிறதா, பாடகர் மூச்சு எடுப்பது கேட்கிறதா, வரி முடிந்த பின் அறையின் எதிரொலி மெல்லக் கரைகிறதா, சட்டென்று அறுகிறதா என்று கவனியுங்கள்.

• தட்டு என்றால், ஒரு பக்கத்தின் முதல் பாட்டையும் கடைசிப் பாட்டையும் கேட்டுப் பாருங்கள். நீண்ட ஸ்வரம் ஆடாமல் நிற்கிறதா என்றும் பாருங்கள். ஆடினால் குறை பாடகரிடம் இல்லை, நடு ஓட்டையில்.

• வாங்கும் முன் டேப், மாஸ்டரிங் பொறியாளர், அச்சகம் ஆகிய மூன்று விவரங்களும் அட்டையிலோ விளம்பரத்திலோ இருக்கின்றனவா என்று தேடுங்கள். மூன்றையும் சொல்லும் நிறுவனத்துக்கு மறைக்க எதுவும் இல்லை. எடையை மட்டும் சொல்லி மற்றதைச் சொல்லாத தட்டு என்றால், யோசித்து வாங்குங்கள்.

இத்தனைக்கும் பிறகு இரண்டு தட்டுகளுக்கும் வித்தியாசமே தெரியவில்லையா? கவலையே வேண்டாம், விலை குறைந்ததை வாங்கி, மிச்சப் பணத்தில் இன்னொரு பாடகரைக் கேட்கலாம். வித்தியாசம் தெரிந்தால், சுத்தமான தட்டு எது என்று பார்க்காமல், ஆள் இருக்கும் தட்டு எது என்று பாருங்கள். 42 வயதில் உடைந்த குரலோடு மைக் முன்னால் நின்ற அந்தப் பெண், தன் விரிசலை மறைக்க முயலவில்லை. அதைத் தட்டும் மறைக்காமல் இருந்தால் போதும்.